வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு அப்பால்: ஆலன் உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்கு

டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே இருக்கும் ஆலனுக்குக் குடிவருகிற நம் ஆட்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்பார்கள். "அந்த 6 கோடி டாலர் ஸ்டேடியம் இங்கேதானா?" என்பது ஒன்று. "பிள்ளையை விளையாட்டில் விட்டால் படிப்பு கெட்டுடாதா?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஊரில் யாரும் பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவதற்கு நம்மிடையே ஆளுக்கொரு பதில் உலவுகிறது, பெரும்பாலும் பிள்ளையை அந்தப் பக்கமே அனுப்பாதவர்கள் சொல்வது. என் மகன் ஆலன் உயர்நிலைப் பள்ளியின் பேண்டில் இருந்தான், மகள் கிராஸ் கன்ட்ரி என்ற நெடுந்தூர ஓட்ட அணியில் ஓடினாள். இரண்டு பேரையும் காரில் ஏற்றி இறக்கி, படிவங்களில் கையெழுத்துப் போட்டு, ஸ்டேடியத்தில் நாச்சோஸ் விற்றுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். பள்ளி ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

ஆலன் 1870-களில் ரயில் பாதையோடு முளைத்த ஊர். 1878-ல் சாம் பாஸ் என்ற கொள்ளைக்காரன் தன் கும்பலோடு வந்து இங்கே ரயிலைக் கொள்ளையடித்ததுதான் ரொம்ப நாளைக்கு ஊரின் ஒரே புகழ். 1970 கணக்கெடுப்பில் ஊரில் 2,000 பேர்கூட இல்லை. அப்புறம் ரிச்சர்ட்சனிலும் பிளேனோவிலும் தொலைத்தொடர்பு, கணினி நிறுவனங்கள் வந்தன. 75-ஆம் எண் நெடுஞ்சாலையோரம் வீடுகள் வடக்கே வடக்கே என்று நகர்ந்தன. 2000-ல் 43,000 பேர், 2020-ல் ஒரு லட்சத்து நாலாயிரத்துக்கும் மேல்.

ஊர் இப்படி வீங்கும்போது பள்ளி மாவட்டம், அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம், ஒரு முடிவு எடுக்க வேண்டும். பக்கத்து ஃப்ரிஸ்கோ, பள்ளிகளைச் சிறிதாக வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டியது. 2022-ல் அங்கே 12-ஆவது உயர்நிலைப் பள்ளி திறந்தார்கள். பிளேனோ கடைசி இரண்டு வகுப்புகளுக்கு மட்டும் தனியாக சீனியர் ஹைஸ்கூல்கள் வைத்தது. ஆலன் செய்தது வேறு. எத்தனை பேர் வந்தாலும் ஊருக்கு ஒரே உயர்நிலைப் பள்ளி. இப்போதைய கட்டடம் 1999-ல் திறந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் லோவரி ஃப்ரெஷ்மன் சென்டர் என்று தனி வளாகம். அதைச் சேர்க்காமலே பெரிய கட்டடத்தில் ஏறத்தாழ 5,000 பேர். பத்தாவது, பதினொன்றாவது என்று ஒவ்வொரு வகுப்பிலும் மொத்தம் 1,500-க்கும் மேல்.

ஊரைப் பிரிக்கக் கூடாது, எல்லாருக்கும் பள்ளிச் சின்னமான ஒரே கழுகுக் கொடி என்பது அந்த முடிவில் இருந்த பாசம். அதில் ஒரு லாபமும் இருந்தது. ஊரின் மொத்தத் திறமையும் ஒரே அணியில் வந்து சேரும். 2008-ல் மாநில ஃபுட்பால் பட்டம் (இங்கே ஃபுட்பால் என்றால் அமெரிக்க ஃபுட்பால், நம் கால்பந்து சாக்கர்). 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று முறை, பிறகு 2017-ல் ஒன்று. அந்த மூன்று தொடர் பட்டங்களிலும், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் கைலர் முர்ரே. அவர் தொடங்கிய 42 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. பிறகு 2018-ல் கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன் வாங்கி, 2019-ல் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் தேர்வில் முதல் ஆளாகப் போனார். மல்யுத்தத்திலும் இந்தப் பள்ளி 2010-களில் மாநிலப் பட்டங்களை அள்ளிக் குவித்தது. அது வெளியூரில் யாருக்கும் தெரியாது, ஸ்டேடியம்தான் தெரியும்.

ஸ்டேடியத்தின் கதை இதுதான். 2009 மே மாதம் கிட்டத்தட்ட 11.9 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஊரில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் ஐந்தில் மூன்று பேருக்கு மேல் சரி என்றார்கள். அதில் பாதி ஸ்டேடியத்துக்கு, மீதி கலையரங்கத்துக்கும் பஸ் நிற்கும் பணிமனை போன்றவற்றுக்கும். 18,000 பேர் உட்காரும் ஈகிள் ஸ்டேடியம் 2012 ஆகஸ்ட் 31 அன்று திறந்தது. 2014 பிப்ரவரியில் நடைபாதைக் கான்கிரீட்டில் விரிசல் என்று மூடினார்கள். அந்த 2014 சீசன் முழுக்கச் சொந்த மைதானமே இல்லாமல் ஆடித்தான் மூன்றாவது பட்டத்தை வென்றார்கள் என்பதை ஊர்க்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். 2015-ல் பழுதுபார்த்துத் திறந்தார்கள்.

என் மாமியார் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்துக்கு அழைத்துப் போனோம். ஹாக்கி பார்த்து வளர்ந்த ஊர்க்காரர், பள்ளிக்கூட ஆட்டம் அவருக்குப் புதிதல்ல. மேலே ஏறி உட்கார்ந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ஆட்டந்தானா? இம்புட்டு ஜனமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாரும் பாக்கத்தான வந்திருக்காக, ஆடுறது யாரு?" என்று கேட்டார். அவர் கூட்டத்தைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டதுதான். ஆனால் இந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

5,000 பேர் படித்தாலும் 1,000 பேர் படித்தாலும் ஒரு பள்ளிக்கு ஒரு வார்சிட்டி அணிதான், அதாவது பள்ளியின் முதல் அணி. கூடைப்பந்தென்றால் 15 பேருக்குள் முடிந்துவிடும். ஃப்ரிஸ்கோவில் 12 பள்ளி, ஆகவே 12 அணி. ஆலனில் ஒன்று. பட்டங்களைக் கொண்டுவந்த அதே முடிவுதான் வாசலையும் குறுக்கியது. வீடு வாங்கும்போது பள்ளியின் மதிப்பெண் தரவரிசையைத் தலைகீழாக ஒப்பிக்கிற நம் ஆட்கள் இந்த ஒரு கணக்கைப் போடுவதே இல்லை. வாலிபாலிலோ கூடைப்பந்திலோ உயிராக இருக்கும் பிள்ளையென்றால், பெரிய பள்ளி அவளுக்குச் சாதகமா என்று யோசித்துவிட்டு வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள்.

சரி, வந்தாகிவிட்டது. இனி என்ன செய்யலாம்?

இங்கே விளையாட்டு பள்ளிக்குப் பிறகு மாலையில் நடக்கும் பொழுதுபோக்கு இல்லை. அத்லெடிக்ஸ் என்று கால அட்டவணையிலேயே ஒரு பீரியட் உண்டு. நான் படித்த காலத்தில் பி.டி. பீரியட் என்றால் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தந்ததாக நினைவில்லை. இங்கே அந்த பீரியடை யாரும் தொட முடியாது. ஆனால் பீரியட் என்றால் பாடத் தேர்வுப் படிவத்தில் முன்கூட்டியே குறிக்க வேண்டும். அந்தப் படிவம் குளிர்காலத்திலேயே வந்துவிடும். ஆகஸ்டில் பள்ளி திறந்த பிறகு போய் "என் பையனும் ஓடுவான் சார்" என்றால் கோச் நல்லவராகவே இருந்தாலும் அட்டவணையில் இடம் இருக்காது. ஊரில் பெரும்பாலான இந்தியக் குடும்பங்கள் விளையாட்டைத் தவறவிடுவது திறமை இல்லாததால் இல்லை, தேதி தெரியாததால்தான். பள்ளிகளுக்கிடையிலான போட்டி ஏழாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ஐந்து, ஆறில் படிக்கும் பிள்ளை இருந்தால் இப்போதே விசாரிக்கலாம்.

அடுத்தது மருத்துவப் படிவம், எல்லாரும் சுருக்கமாக பிசிகல் என்பார்கள். டெக்சாஸ் பள்ளி விளையாட்டை நடத்தும் யூ.ஐ.எல். அமைப்பின் படிவம் அது. பல மாவட்டங்கள் ஆண்டுதோறும் புதிதாகக் கேட்கும். அதில் ஒரு கேள்வி: குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் இதய நோயாலோ திடீரென்றோ இறந்திருக்கிறார்களா? நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு "ஆம்" என்று பதில் உள்ளவர்கள் ஏராளம். எங்கள் வீட்டிலும் உண்டு, என் சித்தப்பா 46 வயதில் போனார். ஆம் என்று டிக் அடித்தால் மேற்கொண்டு பரிசோதனை கேட்பார்கள், பிள்ளை முதல் வாரப் பயிற்சியைத் தவறவிடலாம் என்று பயந்து இல்லை என்று போட்டுவிடுகிறவர்களை எனக்கே தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உண்மையைக் குறித்துவிட்டு, மே மாதத்திலேயே மருத்துவரிடம் காட்டி ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். 2019-ல் வந்த டெக்சாஸ் சட்டப்படி, பரிசோதனையோடு ஈ.சி.ஜி.யும் கேட்கலாம் என்பதைப் பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும். படிவத்திலேயே அதற்கான இடம் இருக்கிறது. மகளுக்கு எடுத்தோம், ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆகஸ்ட் காலையில் அவள் ஓடும்போது நான் பாட்டுக்கு காரில் உட்கார்ந்து காபி குடிக்க முடிந்தது.

படிப்பு கெடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு டெக்சாஸில் சட்டமே இருக்கிறது. 1984-ல் வந்தது, பாஸ் ஆகாவிட்டால் ஆட்டம் இல்லை என்பது அதன் சாரம். ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் போட்டியில் இறங்க முடியாது. பயிற்சிக்கு வரலாம். ஆட்டம்தான் கடவுள் என்றிருக்கும் மாநிலத்தில் இந்த விதியைக் கொண்டுவரக் காரணமான குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ராஸ் பெரோ. அவர் தொடங்கிய ஈ.டி.எஸ்., பெரோ சிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனங்கள் இரண்டிலும் வேலை பார்க்கத்தான் நம் ஆட்களில் ஒரு தலைமுறையே பிளேனோ பக்கம் வந்து இறங்கியது. ஃபுட்பால் கோச்சுகள் அன்று அவரைத் திட்டாத நாளில்லை என்பார்கள். இன்று என் மகளை வீட்டுப்பாடம் முடித்தாயா என்று என்னைவிட அதிகம் கேட்டவர் அவள் கோச்தான். ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரப் பாடங்கள் போன்ற கடினப் பாடங்களில் சிலவற்றுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. எந்தெந்தப் பாடம் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், பள்ளியில் பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கவுன்சிலரிடம் கேளுங்கள்.

நேரத்துக்கும் கணக்கு உண்டு. பள்ளி நாட்களில், பள்ளி நேரத்துக்கு வெளியே ஒரு நடவடிக்கைக்கு வாரம் எட்டு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வாங்கக் கூடாது என்பது விதி. போட்டி நேரம் அதில் சேராது. பேண்டுக்கும் இதே விதிதான். இதைத் தெரிந்துகொண்டால் டியூஷன், மிருதங்க வகுப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே அட்டவணை போட்டுவிடலாம்.

நம் ஆட்களின் உண்மையான பயம் பாஸ், ஃபெயில் அல்ல, ரேங்க். 1997-ல் வந்த சட்டப்படி, வகுப்பில் முதல் 10 சதவீதத்தில் வருகிறவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் கிடைக்கும். ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அதைக் குறைத்துக்கொண்டே வந்து 2026 சேர்க்கைக்கு 5 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். 1,600 பேர் உள்ள வகுப்பில் 80 பேர். அந்த 80-க்குள் வர, ரேங்க் கணக்கில் கூடுதல் புள்ளி தரும் பாடங்களாக அடுக்க வேண்டும், விளையாட்டு பீரியட் அந்த இடத்தைத் தின்றுவிடும் என்று கூட்டல் கழித்தல் போடாத தமிழ் வீடே கிடையாது. எந்தப் பாடம் ரேங்க் கணக்கில் சேரும், எது சேராது என்பதை மாவட்டத்தின் பாடக் கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுப் பயப்படுங்கள். கோயிலில் பக்கத்தில் நின்றவர் சொன்னதை வைத்துப் பயப்படாதீர்கள்.

இன்னொரு விஷயம், பள்ளிப் படிப்பை முடிக்க உடற்கல்வி கிரெடிட் (ஒரு பாடத்தை முடித்ததற்கான கணக்கு) எல்லாருக்கும் கட்டாயம். அத்லெடிக்ஸ், மார்ச்சிங் பேண்ட், டிரில் டீம் என்ற நடனக் குழு எதில் இருந்தாலும் அந்த கிரெடிட் கிடைக்கும். பேண்டில் இருப்பவர்களுக்குக் கலைப்பாட கிரெடிட்டும் அதிலேயே முடிந்துவிடும். கோடையில் ஆன்லைனில் பி.இ. எடுத்து நேரம் மிச்சம் பிடிக்கலாம் என்று பணம் கட்டுகிறவர்கள் இதையும் ஒருமுறை யோசிக்கலாம்.

வாசல் குறுகியது என்றேனே, எல்லா வாசலும் அப்படி இல்லை. தேர்வு வைத்துக் கழிக்காத விளையாட்டுகளும் உண்டு. கிராஸ் கன்ட்ரி அதில் முக்கியமானது. போட்டியில் வார்சிட்டிக்கு ஏழு பேர்தான், ஆனால் ஜே.வி. என்ற இரண்டாம் நிலை ஓட்டத்தில் வருகிற எல்லாரும் ஓடலாம். அணிக்குப் புள்ளி போடும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. முதலில் முடிக்கும் ஐந்து பேர் எத்தனையாவது இடத்தில் வந்தார்கள் என்று கூட்டுவார்கள், குறைந்த கூட்டல் உள்ள அணிக்கு வெற்றி. ஒரு நட்சத்திரம் மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது, ஐந்தாவதாக வருகிறவள் யாரென்பதில்தான் முடிவு தொங்கும். அதனால் கோச்சுகள் பின்னால் ஓடுகிறவர்களையும் பெயர் சொல்லிக் கத்துவார்கள். மகள் ஒருநாளும் வார்சிட்டிக்கு வரவில்லை. ஆனால் 1,500 பேர் வகுப்பில் மதியச் சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருவது என்ற கவலை அவளுக்கு வரவே இல்லை. டிராக், மல்யுத்தம், கீழ்வகுப்பு ஃபுட்பால் இவற்றிலும் பெரும்பாலும் கதவு அகலம்தான். ஆடவே பிடிக்காத பிள்ளைக்கு மாணவ டிரெய்னர் வேலை இருக்கிறது. கணுக்காலுக்கு டேப் சுற்றுவது, ஐஸ் கட்டுவது, தண்ணீர் எடுத்துப் போவது. மருத்துவம் படிக்க ஆசை என்று சொல்லும் பிள்ளைகள் வருடக்கணக்கில் சான்றிதழுக்காக அலைகிறார்கள், இது காலடியிலேயே கிடக்கிறது.

வெயிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆகஸ்டில் 38, 40 டிகிரி சர்வ சாதாரணம். அதனால் ஓட்டப் பயிற்சி விடியற்காலையில். தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது, உப்பும் வேண்டும். இங்கே பிள்ளைகள் தசைப்பிடிப்புக்கு வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீரைக் குடிப்பார்கள். மகள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள். அடுத்த நாளிலிருந்து ஃபிளாஸ்கில் உப்புப் போட்ட நீர்மோர் போனது. சீசன் முடிவதற்குள் கூட ஓடிய பெண்கள் பங்கு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பேண்டுதான் இந்தப் பள்ளியின் மிக அகலமான கதவு. ஆலன் எஸ்கட்ரில் என்று பெயர், டிரில் டீம், கொடி பிடிப்பவர்கள் எல்லாம் சேர்த்து 800 பேர் அளவுக்கு வரும், நாட்டிலேயே மிகப் பெரிய பள்ளி பேண்டுகளில் ஒன்று. ஆனால் உள்ளே போகிற வழி ஆறாம் வகுப்பு. அங்கேதான் கருவியைக் கையில் கொடுப்பார்கள். வயலினோ வீணையோ தெரிந்த பிள்ளைக்குத் தாளமும் சுருதியும் ஏற்கெனவே இருக்கும், கருவி மாறுவது சிரமமில்லை. மகனுக்கு டிராம்போன். செலவு விளையாட்டைவிட அதிகம், கட்டணம், காலணி, கையுறை, பயணம் என்று போகும். தவணையில் கட்டலாமா என்று கேட்கத் தயங்காதீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள்.

அந்தச் செலவைக் குறைக்கத்தான் பெற்றோரின் பூஸ்டர் கிளப்புகள் ஸ்டேடியத்தில் கடை போடும். பெற்றோர் சம்பளமில்லாமல் நிற்பார்கள், வருமானத்தில் ஒரு பங்கு கிளப்புக்கு. நீங்களும் ஒருமுறையாவது நில்லுங்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் தெரிந்துகொள்வதைவிட அங்கே அதிகம் தெரிந்துகொள்ளலாம். எனக்குக் கிடைத்தது ஃப்ரிட்டோ பை. சோளச் சிப்ஸ் பொட்டலத்தைப் பக்கவாட்டில் கிழித்து, அதற்குள்ளேயே சில்லி என்ற மாட்டிறைச்சிக் குழம்பை ஒரு கரண்டி ஊற்றி, மேலே சீஸ் தூவி, ஒரு ஸ்பூனைக் குத்திக் கொடுக்க வேண்டும். சைவக்காரியான நான் முதலில் முழித்தேன். பக்கத்திலிருந்த டெக்சாஸ் அம்மா ஒருவர் ஒன்றும் கேட்காமல் என்னை நாச்சோ சீஸ் பம்புக்கு மாற்றிவிட்டுத் தான் கரண்டியைப் பிடித்துக்கொண்டார். இடைவேளையில் பேண்ட் மைதானத்தில் வாசிக்கும். அதனால் அந்தப் பிள்ளைகளுக்கு மூன்றாவது குவாட்டர், அதாவது ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதி, ஓய்வு. ஓய்வு என்றால் நூற்றுக்கணக்கில் வியர்த்த சீருடைகள் ஒரே நேரத்தில் கடைக்கு வந்து நிற்கும் என்று அர்த்தம். எனக்கு ஆட்டத்தின் அந்தப் பகுதியில் என்ன நடக்கும் என்று இன்றுவரை தெரியாது.

அந்தக் கடையில் நின்றபோதுதான் மம் பற்றியும் தெரிந்தது. பழைய மாணவர்களை வரவேற்றுக் கொண்டாடும் ஹோம்கமிங் வாரத்தில் டெக்சாஸ் பெண்கள் மார்பில் மாட்டிக்கொள்ளும் செயற்கைச் செவ்வந்தி அது. நடுவில் தட்டு அளவு பூ, கீழே முழங்கால்வரை ரிப்பன், மணி, குட்டிப் பொம்மை. கடையில் வாங்கினால் நூற்றுக்கணக்கான டாலர் ஆகும். சாமான் வாங்கி வீட்டிலேயே பசைத் துப்பாக்கியால் ஒட்டிவிடலாம். நவராத்திரிக் கொலு அலங்கரித்த கை உள்ளவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை.

விளையாட்டால் கல்லூரி ஸ்காலர்ஷிப் வாங்கும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளியில் ஆடுகிறவர்களில் 100-க்கு 7 பேர் அளவில்தான் கல்லூரி அணியில் ஆடப் போகிறார்கள். அதில் பணம் கிடைப்பவர்கள் இன்னும் குறைவு. வேறு ஊரில் இருக்கும் என் தோழி ஒருத்தி, மகனுக்கு ஸ்காலர்ஷிப் நிச்சயம் என்று சொன்ன ஒரு தனியார் கிளப்புக்கு ஆண்டுதோறும் பல ஆயிரம் டாலர் கட்டினாள். பையன் கல்லூரியில் கணினி படிக்கிறான், கட்டணத்தை அவள்தான் கட்டுகிறாள். பெரிய பள்ளிகளில் வாலிபால், சாக்கர் அணிகள் இப்படி கிளப்பில் வளர்ந்த பிள்ளைகளால் நிரம்பியிருப்பது உண்மைதான். பிள்ளைக்கு அந்த ஆட்டம் உண்மையிலேயே பிடித்திருந்தால் கட்டுங்கள், கல்லூரிக் கட்டணத்துக்கு முதலீடு என்று நினைத்துக் கட்டாதீர்கள்.

கடைசியாக, இடையில் வேறு மாவட்டத்திலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ மாறி வருகிறவர்களுக்கு. முந்தைய பள்ளியின் அணியில் ஏற்கெனவே ஆடியிருந்தால், வார்சிட்டியில் இறங்குவதற்கு முன் பழைய பள்ளி, புதிய பள்ளி இரண்டும் கையெழுத்திட வேண்டிய படிவம் ஒன்று உண்டு. விளையாட்டுக்காகவே மாறி வந்ததாக முடிவானால் ஓர் ஆண்டு வார்சிட்டி கிடையாது. ஆகவே வீடு மாறிய காரணம் வேலை என்றால் அதற்கான காகிதம், வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது எல்லாம் கையில் இருக்கட்டும். செப்டம்பர் 1 அன்று 19 வயது நிரம்பியிருந்தால் ஆட முடியாது என்ற விதியும் இருக்கிறது. ஊரிலிருந்து பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு முடித்துவிட்டு வந்து, இங்கே ஒரு வகுப்பு பின்னால் சேர்க்கப்படும் பிள்ளைகளுக்கு இது இடிக்கலாம். சேர்க்கை அலுவலகத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள், அது அவர்கள் வேலையும் இல்லை. அத்லெடிக்ஸ் அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஜூலையில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள், மே மாதமே போய்விடுங்கள்.